காயமாக இருக்கட்டும்

தூத்துக்குடி பனிமய மாதா கோவிலில் நான் ஒருமுறை வேண்டிக்கொண்டதை இதுவரை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. என் அக்காவின் மூளையில் ஒரு பகுதி செத்துப்போயிருக்க வேண்டும் என்று வேண்டினேன். ஜூலை 26 கொடியேற்றம் முடிந்து, ஊர் ஆகஸ்ட் 5 திருவிழாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்த நாட்கள் அவை. பக்கத்தில் நின்றவர்கள் பிள்ளை வரம் கேட்டிருப்பார்கள், வேலை கேட்டிருப்பார்கள், கடலுக்குப் போனவன் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்று கேட்டிருப்பார்கள். ‘ஸ்கேனில் தெரிகிற அந்த வெள்ளை, புற்றாக இருக்க வேண்டாம் தாயே. கதிர்வீச்சு சுட்ட காயமாக இருக்கட்டும்’ என்று நான் கேட்டேன்.

தலைக்குக் கதிர்வீச்சு வாங்கியவர்கள் இந்தக் கடற்கரையில் நிறைய பேர் இருக்கிறார்கள். நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் போகிற காரிலும், சென்னைக்குப் போகிற முத்துநகர் எக்ஸ்பிரஸிலும் மடியில் ஸ்கேன் கவரோடு உட்கார்ந்திருப்பவர்களை வாரம் தவறாமல் பார்க்கலாம். அவர்களில் சிலராவது நாங்கள் நின்ற இடத்தில் ஒருநாள் வந்து நிற்க வேண்டியிருக்கும். அதனால்தான் வெளியே சொல்லக் கூச்சமான இந்த வேண்டுதலிலிருந்து தொடங்குகிறேன்.

அக்கா பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். மார்பில் கட்டி வந்து அறுவை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடித்து, தலைமுடி வளர்ந்து, மறுபடியும் சாக்பீஸ் பிடித்து இரண்டு ஆண்டு ஓடியிருந்தது. ஒரு நாள் வகுப்பில் பேசிக்கொண்டிருந்தபோதே வலது கை வெட்டி இழுத்தது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் மூளையின் இடது முன்பகுதியில் ஒரே ஒரு கட்டி, இரண்டரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மார்பிலிருந்து போனது. பேச்சுக்கும் வலது கைக்கும் பொறுப்பான இடத்துக்கு மிக அருகில் இருந்ததால், அறுத்து எடுப்பதைவிட ரேடியோசர்ஜரி நல்லது என்றார்கள். பெயரில்தான் சர்ஜரி, கத்தி கிடையாது. பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்கள் வந்து ஒரே புள்ளியில் சேரும். சுவீடனில் லார்ஸ் லெக்ஸல் என்ற நரம்பியல் அறுவை மருத்துவர் உருவாக்கிய முறை இது. 1960களின் கடைசியில் அதற்கான கருவியையும் செய்துவிட்டார். வழக்கமான சிகிச்சையில் கதிரின் அளவை நாளைக்கு 2 கிரே என்ற கணக்கில் பல வாரத்துக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். அக்காவுக்கு 18 கிரே, ஒரே வேளையில்.

அந்த 18 எங்கிருந்து வந்தது என்று பின்னாளில் தேடிப் படித்தேன். 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, உலகம் முழுக்க இன்றும் எடுத்துப் பார்க்கப்படுவது. கட்டியின் குறுக்களவு 2 சென்டிமீட்டருக்குள் இருந்தால் 24 கிரே, 3 வரை 18, 4 வரை 15 என்று அது வரம்பு கட்டியது. கட்டி பெரிதாகப் பெரிதாக அளவு குறைகிறது. காரணம், கட்டி பெரிதானால் அதைச் சுற்றியுள்ள நல்ல மூளையும் அதிகம் சூடுபடும். ஏற்கெனவே ஒருமுறை தலைக்குக் கதிர்வீச்சு பெற்றவர்களிடம் நடந்த அந்த ஆய்வில், மூளைத் திசு செத்துப்போவது ஆறு மாதத்தில் 5 சதவீதமாக இருந்து இரண்டு ஆண்டில் 11 சதவீதம் வரை ஏறியது. இந்த விஷயம் எங்களிடம் மறைக்கப்படவில்லை. ஒப்புதல் படிவத்தில் ஒரு வரியாக இருந்தது. அத்தானும் நானும் கையெழுத்துப் போட்டோம். இன்று கேட்டாலும் போடுவேன்.

மூன்றாம் மாத ஸ்கேனில் கட்டி பாதியாகியிருந்தது. அடுத்ததில் இன்னும் சிறிது. வலிப்பு நின்றது. அக்கா பள்ளிக்குப் போனாள். ஓராண்டு தாண்டிய பிறகு ஒருநாள் வீட்டுப்பாட நோட்டுகள் திருத்திக்கொண்டிருந்தவள் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையையே பார்த்தாள். நான் எட்டிப் பார்த்தேன். முதல் நோட்டில் நேராக நின்ற சரி அடையாளம், ஐந்தாறு நோட்டு தாண்டுவதற்குள் சரிந்து, கடைசியில் வெறும் கீறலாகியிருந்தது. அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது, “அந்த… அதை எடுலே, அதை” என்று தண்ணீர்ச் சொம்பைக் காட்டினாள். சொம்பு என்ற பேர் வரவில்லை.

உள்ளூரில் எடுத்த ஸ்கேனின் அறிக்கை மூன்று வரிதான். பழைய இடத்தில் வெள்ளையாக ஒளிரும் பகுதி பெரிதாகியிருக்கிறது, சுற்றிலும் நீர் கோத்த வீக்கம், நோய் திரும்பியிருக்க வாய்ப்பு. மூன்றாவது வரியைப் படித்ததும் எங்கள் வீட்டில் எல்லாம் முடிந்துபோயிற்று. சொந்தக்காரர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். பெரியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “பிள்ளை கல்யாணத்த முன்னாடியே முடிச்சிரலாம்யா, அவ கண்ணால பாத்துக்கிடட்டும்” என்றாள். அக்கா மகள் அப்போது கல்லூரி இரண்டாம் ஆண்டு. பெரியம்மா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நம் ஊர்ப்பக்கம் ‘திரும்ப வந்துட்டு’ என்ற பேச்சு காதில் விழுந்ததும் அடுத்த வேலையாக இதைத்தான் செய்வோம். அந்தப் பிள்ளை படிப்பு அன்றைக்கே நின்றிருக்கும். நிற்காமல் போனதற்குக் காரணம், சிகிச்சை கொடுத்த மருத்துவர் போனிலேயே சொன்ன ஒரு வாக்கியம்: “வளர்ந்திருக்குங்கிறது உண்மை. என்ன வளர்ந்திருக்குன்னு இன்னும் தெரியாது. நேர்ல வாங்க.”

அவர் எங்களை உட்காரவைத்துச் சொன்னதை என் பேச்சில் சொல்கிறேன். கதிர் புற்றணுக்களைக் கொல்லும்போது பக்கத்திலுள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களின் உள்தோலையும் சுடும். அந்தச் சேதம் உடனே தெரியாது. மாதங்கள் போகப் போகக் குழாய்ச் சுவர் தடித்து, சில அடைபட்டு, சில கசியத் தொடங்கும். நரம்பிழைகளுக்கு உறை போர்த்துகிற அணுக்களும் மெல்லச் செத்துக்கொண்டிருக்கும். மூச்சுக்காற்று எட்டாத திசு, ‘புதுக்குழாய் வேண்டும்’ என்று ஒரு ரசாயனத்தைச் சுரந்து கூவும். அப்படி அவசரத்தில் முளைக்கிற குழாய்களும் ஓட்டைக் குழாய்களே. அவையும் கசிய, வீக்கம் இன்னும் கூடும். பெரும்பாலும் ஆறு மாதம் கழித்து, இரண்டு ஆண்டுக்குள் இது வரும். அதற்குப் பிறகு வந்தவர்களும் உண்டு. ரேடியேஷன் நெக்ரோசிஸ் என்று பெயர். ஜெர்மனியில் 1930லேயே இதை மனித மூளையில் கண்டு எழுதிவிட்டார்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு 1950களில் கோபால்ட் எந்திரம் வந்ததற்கும் முந்தைய செய்தி இது.

இதில் கொடுமை என்னவென்றால், எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது நரம்பில் போடுகிற கான்ட்ராஸ்ட் மருந்து, ரத்தக் குழாய் எங்கே கசிகிறதோ அங்கே தேங்கி வெள்ளையாக ஒளிரும். புற்றின் குழாயும் கசியும். காயத்தின் குழாயும் கசியும். இரண்டும் வெள்ளை. இரண்டைச் சுற்றியும் வீக்கம். இரண்டுக்கும் ஒரே தலைவலி, ஒரே கைத்தளர்ச்சி, ஒரே பேச்சுக் குழறல். ஆனால் புற்று என்றால் மறுபடியும் கதிர் கொடுக்க வேண்டியிருக்கும், இல்லை அறுக்க வேண்டும், இல்லை மருந்தை மாற்ற வேண்டும். காயத்துக்குப் போய் மறுபடியும் கதிர் கொடுத்தால் சுட்ட இடத்தையே சுட்டதாகும். அக்காவுக்கு நன்றாக வேலை செய்துகொண்டிருந்த மார்புப் புற்று மருந்தை ‘இது கேட்கவில்லை’ என்று நினைத்து நிறுத்திவிட்டால், கேட்கிற மருந்தைக் கையால் தூக்கி எறிந்ததாகும். ஒரு வெள்ளைப் புள்ளிக்குப் பேர் வைப்பதில் இவ்வளவும் இருக்கிறது.

நான் துறைமுகத்தில் சரக்கு அனுமதி வாங்கிக் கொடுக்கும் ஏஜென்ட் அலுவலகத்தில் இருபது வருஷத்துக்கு மேலாக வேலை பார்க்கிறேன். கன்டெய்னர் லாரி ஸ்கேனரைக் கடந்து வரும்போது திரையில் தெரிவது அடர்த்தி மட்டுமே. கருப்பாக ஒரு கட்டி தெரிந்தால் அது இரும்பா, கல்லா, கடத்தல் பொருளா என்று படம் தானாகச் சொல்லாது. அதிகாரி பேக்கிங் லிஸ்டை எடுத்துப் பக்கத்தில் வைப்பார். அதே கம்பெனியின் பழைய சரக்குப் படத்தோடு ஒப்பிடுவார். அதற்கும் மேல் சந்தேகம் என்றால் சீலை உடைத்துத் திறந்துவிடுவார். மருத்துவர் பேசப் பேச எனக்கு அந்த அறைதான் ஞாபகம் வந்தது. இங்கே பேக்கிங் லிஸ்ட் எது? பழைய படம் எங்கே? மண்டையோட்டை அவ்வளவு எளிதாகத் திறக்க முடியாது என்பது மட்டுமே வித்தியாசம்.

அந்த லிஸ்ட் உண்மையிலேயே இருக்கிறது. ரேடியோசர்ஜரி கொடுப்பதற்கு முன் கணினியில் போட்ட திட்டம்தான் அது. எந்த மில்லிமீட்டருக்கு எத்தனை கிரே போகும் என்று நில அளவைப் படம்போலக் கோடு கோடாக வரைந்திருப்பார்கள். மருத்துவ இயற்பியலாளர் ஒருவர் அக்காவின் பழைய திட்டத்தைத் திறந்து, புது எம்.ஆர்.ஐ.யின் மேல் பொருத்திக் காட்டினார். நடுவில் சிவப்புக் கோடு 18 கிரே. அதைச் சுற்றிப் பச்சையில் 12 கிரே. இந்த 12 கிரே கோட்டுக்குள் எவ்வளவு மூளை அகப்பட்டிருக்கிறது என்பதை வைத்தே காயம் வருகிற வாய்ப்பைக் கணிப்பார்களாம். புதிதாக ஒளிர்ந்த வெள்ளை, ஓரமெல்லாம் நைந்த துணிபோல, ஏறக்குறைய முழுவதும் அந்தக் கோடுகளுக்குள்ளேயே இருந்தது. நான் மூச்சுவிட்டேன். அவர் உடனே, “சார், இதை மட்டும் வச்சு முடிவு பண்ணக் கூடாது. கேன்சரும் பழைய இடத்துலயே திரும்ப வரலாம். கோட்டுக்கு வெளிய தள்ளி வளர்ந்திருந்தா காயமா இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மின்னு சொல்லியிருப்போம். உள்ளே இருக்கிறதால ரெண்டும் இன்னும் பாக்கி இருக்கு” என்றார்.

அடுத்து பெர்ஃப்யூஷன் என்கிற எம்.ஆர்.ஐ. மருந்து பாய்ந்து போகும் அந்த சில வினாடிகளில் ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு ரத்தம் இருக்கிறது என்று அளப்பது. வளர்கிற புற்று நிறைய ரத்தம் இழுக்கும். செத்த திசுவில் ரத்தம் குறைவு. அக்காவுக்குக் குறைவாகத்தான் இருந்தது, ஒரு மூலையைத் தவிர. அந்த மூலையில் நடுத்தரம். ஸ்பெக்ட்ராஸ்கோபியில் அணுக்கள் பெருகுவதைக் காட்டும் கோலின் அதிகம் ஏறவில்லை, திசு சிதைவதைக் காட்டும் கொழுப்பு உச்சம் தெரிந்தது. அடுத்து பெட் ஸ்கேன். மார்புக்கு எடுத்த அதே பெட் ஸ்கேனைத் தலைக்கும் எடுத்தால் போதாதா என்று கேட்டேன். அதில் போடுவது குளுக்கோஸ். மூளை நம் உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் உடலின் குளுக்கோஸில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத் தானே தின்னும். முழு மூளையும் ஒளிர்கிற இடத்தில் ஒரு புள்ளியை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? அதனால் அமினோ அமிலம் ஏற்றிய மருந்தைக் கொடுத்து எடுக்கிறார்கள். நல்ல மூளை அதை அதிகம் எடுத்துக்கொள்ளாது, புற்று எடுத்துக்கொள்ளும். அக்காவுக்கு எஃப்-டோபா. பார்க்கின்சன் நோயாளிகளுக்கும் இதே மருந்தால்தான் எடுப்பார்களாம். இதிலுள்ள ஃபுளோரின்-18 இரண்டு மணி நேரத்துக்குள் பாதியாகக் கரைந்துபோவதால் அன்றைக்குத் தயாரித்து அன்றைக்கே போட்டாக வேண்டும். எல்லா ஊரிலும் கிடைக்காது. அதற்காகச் சென்னையில் தங்கினோம்.

படத்தில் அந்த இடம் மங்கலாகத்தான் ஒளிர்ந்தது. ‘காயத்தின் பக்கம் சாய்கிறது’ என்றார்கள். சாய்கிறது! எனக்கு அந்தச் சாய்வு போதவில்லை. இதைத்தான் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்: அந்த வாரங்களில் என் மனதுக்குள் நல்ல பதில் வேண்டும் என்ற ஆசையைவிட, ஏதாவது ஒரு பதில் வேண்டும் என்ற ஆசை பெரிதாக வளர்ந்திருந்தது. கெட்டதானாலும் சரி, முடிவாகச் சொல்லிவிடுங்கள் என்று மருத்துவரிடம் கேட்டேன். ஊசி விட்டு ஒரு துண்டு எடுத்துப் பார்த்துவிடலாமே என்று வற்புறுத்தினேன். அறுவை மருத்துவர் பொறுமையாக விளக்கினார். துண்டு எடுத்துப் பார்ப்பதைவிட உறுதியான சோதனை கிடையாது, அது உண்மை. ஆனால் இப்படிப்பட்ட இடத்தில் செத்த திசுவும் உயிருள்ள புற்றணுவும் கலந்தே கிடக்கும். ஊசி காயத்தில் இறங்கினால் காயம் என்று வரும். அதற்கு இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் புற்று இருக்கலாம். அதோடு ஊசி போகிற வழியில் அக்காவின் பேச்சு இருக்கிறது. “உங்க மனசு அடங்குறதுக்காக அவங்க பேச்சை நான் பணயம் வைக்க முடியாதுங்க” என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த வெள்ளை இருப்பது அக்காவின் தலைக்குள் என்பதையும், தாங்க முடியாமல் தவிப்பது நான் என்பதையும் அந்த ஒரு வாக்கியம் தனித்தனியாகப் பிரித்துக் காட்டியது.

பல துறை மருத்துவர்கள் கூடிப் பேசி எடுத்த முடிவு, டெக்ஸாமெத்தசோன் கொடுத்து இரண்டு மாதத்தில் மறுபடியும் படம் எடுப்பது. மாத்திரை போட்ட மூன்றாம் நாளே அக்கா சொம்பைச் சொம்பு என்றாள். வீட்டில் கொண்டாட்டம். அத்தான் கேக்கும் மக்ரூனும் வாங்கி வந்தார். எனக்கு மட்டும் அந்த மக்ரூன் இறங்கவில்லை, ஏனென்றால் மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார்: இந்த மாத்திரை வீக்கத்தை வடிக்கும், புற்றின் வீக்கமானாலும் காயத்தின் வீக்கமானாலும். ஆள் தேறியதை வைத்து நோய் இன்னதென்று சொல்ல முடியாது. எங்களைப்போல எத்தனையோ குடும்பங்கள் இந்த மூன்றாம் நாள் தேற்றத்தைப் பார்த்து ‘சரியாகிவிட்டது’ என்று மறுபடி போகாமல் விட்டிருக்கும் என்று நினைக்கும்போது இப்போதும் பயமாக இருக்கிறது.

மாத்திரையும் சும்மா விடவில்லை. முகம் உப்பியது. சர்க்கரை ஏறியது. நடுராத்திரி எழுந்து, “பசிக்குலே, ரெண்டு இட்லி ஊத்திக் கொடுக்கச் சொல்லு” என்பாள். தொடைத் தசை தளர்ந்து, தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டியிருந்தது. இதையெல்லாம் பார்த்து அம்மா ஒருநாள் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றாள். நல்லவேளை, பக்கத்துத் தெருவில் நர்ஸாக இருந்தவர் தடுத்தார். பல வாரம் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தன் சொந்தச் சுரப்பை உடனே எடுத்துக்கொள்ளாமல் ஆபத்தில் விழும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இடையில் சித்தப்பா ஒரு யோசனையோடு வந்தார். எங்கள் குடும்பம் சங்குகுளித்த குடும்பம். தாத்தா, 1961இல் கடைசியாக அரசு நடத்திய முத்துக்குளிப்பு வரை மூச்சுப் பிடித்துக் குளித்தவர். சித்தப்பா காலத்தில் படகில் கம்ப்ரஸர் வந்துவிட்டது. குழாய் வழியே காற்று வாங்கி அடியில் வெகுநேரம் கிடந்துவிட்டுச் சட்டென்று மேலே ஏறினால், ரத்தத்தில் கரைந்த காற்று குமிழாகித் தண்டுவடத்தைத் தாக்கும். அப்படிக் கால் விளங்காமல் போனவர்கள் திரேஸ்புரத்தில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை அழுத்த ஆக்சிஜன் அறைக்குள் வைத்து நடக்க வைத்ததைச் சித்தப்பா கண்ணால் பார்த்தவர். “செத்த எடத்துக்குக் காத்து போகலன்னுதான சொல்றாங்க, அந்தப் பெட்டிக்குள்ள இவளையும் படுக்க வச்சா என்ன?” என்று கேட்டார். கேள்வி நல்ல கேள்வி. கதிர்வீச்சால் தாடை எலும்பு கெட்டவர்களுக்கு அந்த அறையைப் பயன்படுத்துவது உண்டு என்றும், மூளைக் காயத்துக்கும் சிலர் முயன்றிருக்கிறார்கள் என்றும், ஆனால் அதற்கான சான்று வலுவாக இல்லை, இவருக்கு வேறு வழி இருக்கிறது என்றும் மருத்துவர் சொன்னார். சித்தப்பாவுக்கு அந்தப் பதிலை நான் முழுக்க எடுத்துச் சொன்னேன். குளியாளிக்குக் காற்றைப் பற்றித் தெரிந்ததை நாம் லேசாகத் தள்ளிவிடக் கூடாது.

இரண்டு மாதம் கழித்து எடுத்த படத்தில் வெள்ளை சற்றே பெரிதாகியிருந்தது. அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. பெரிதானால் புற்று என்றுதானே எவரும் நினைப்பார்கள்? காயமும் பெரிதாகும் என்பதை நான் படித்திருந்தும் நம்பவில்லை. மருத்துவர்கள் மறுபடியும் பெர்ஃப்யூஷன் பார்த்தார்கள். நடுத்தரமாக இருந்த அந்த மூலையிலும் ரத்தம் குறைந்திருந்தது. காயம் வளர்கிறது என்று முடிவுசெய்து பெவசிசுமாப் என்ற ஊசி மருந்தைத் தொடங்கினார்கள். மூச்சு எட்டாத திசு கூவுகிறது என்றேனே, அந்தக் கூவலின் வாயை அடைக்கிற மருந்து. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து மருத்துவர்கள் 2011இல் வெளியிட்ட சிறிய ஆய்வுதான் இதற்கு முதல் பலமான ஆதாரம். வெறும் 14 நோயாளிகள். மருந்து பெற்றவர்களுக்கு வீக்கம் வடிந்தது, உப்புநீர் பெற்றவர்களுக்கு வடியவில்லை. பிறகு அவர்களுக்கும் மருந்தைக் கொடுத்தபோது அவர்களுக்கும் வடிந்தது. இந்திய நிறுவனங்களே இந்த மருந்தைத் தயாரிக்கத் தொடங்கியதால்தான் எங்களைப் போன்றவர்களால் வாங்க முடிந்தது. ரத்த அழுத்தம் ஏறும், ரத்தக் கசிவு வரலாம் என்பதால் ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்த்தார்கள்.

இரண்டாம் ஊசிக்குப் பிறகு எடுத்த படத்தில் வீக்கம் வற்றிப்போயிருந்தது. இதற்கும் துள்ளாதீர்கள் என்றார் மருத்துவர். கசிகிற குழாயை இறுக்குகிற மருந்து இது. புற்றின் குழாயையும் இறுக்கிப் படத்தைப் பொய்யாக அழகாக்கிக் காட்டும். ஊசி நிறுத்திய பிறகும் திரும்ப வராமல் இருந்தால்தான் காயம் என்று நம்பலாம். ஊசியை நிறுத்தினார்கள். காத்திருந்தோம். அடுத்த படமும் அதற்கடுத்ததும் சுருங்கியபடியே இருந்தன. அப்போதுதான் முதல்முறையாக அறிக்கையில் நெக்ரோசிஸ் என்ற சொல் வேறு எந்தச் சொல்லும் கூட வராமல் தனியாக எழுதப்பட்டது. எந்த எந்திரமும் ஒரே நாளில் சொல்லாததை மாதங்கள் சொல்லின. பழைய படமும் புதுப் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் சொல்லின.

அக்காவிடம் நாங்கள் முதல் அறிக்கையின் மூன்றாவது வரியைச் சொல்லாமல் வைத்திருந்தோம். அவள் எடுத்துப் படித்துவிட்டாள் என்பது பின்னால் தெரிந்தது. கணக்கு டீச்சருக்கு மூன்று வரி ஆங்கிலம் புரியாதா? கடைசி அறிக்கையை நான் வாசித்துக் காட்டியபோது ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “செத்த எடம்னா அதுல இனி ஒண்ணும் முளைக்காதுல்லா? அப்ப நல்லதுதாம்லே” என்றாள். சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. நான் வேண்டியது கிடைத்துவிட்டது. கிடைத்தது எது என்பதை ஒவ்வொரு நாளும் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். அவள் வலது கையால் பேனா பிடித்தால் இரண்டு வரிக்கு மேல் ஓடுவதில்லை. பதினேழாம் வாய்ப்பாடு வரை தூக்கத்தில் சொன்னவள், கடையில் பாக்கிச் சில்லறையை எண்ணும்போது நடுவில் நின்றுவிடுகிறாள். திருமண வீட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுவாள். பள்ளி வேலையை விருப்ப ஓய்வில் விட்டாள். இதையெல்லாம் செய்தது புற்று அல்ல. அவளைக் காப்பாற்றிய அதே கதிர். யாரையும் குற்றம் சொல்ல இதில் ஒன்றும் இல்லை. கதிர் இல்லாவிட்டால் அக்காவே இல்லை. இருந்தாலும், ‘அப்பாடா, நெக்ரோசிஸ்தான்’ என்று நாங்கள் சொன்ன அந்த நிம்மதிக்குள் அவளுடைய எழுத்து அடங்கிக் கிடக்கிறது என்பதை அவள் தம்பியாகிய நான் மறக்கக் கூடாது. மறுவாழ்வுப் பயிற்சிக்கு, பேச்சுப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்வது எங்களுக்குத் தாமதமாகத்தான் தோன்றியது. புற்று இல்லை என்றதும் நோயே முடிந்ததாக எடுத்துக்கொண்டோம். காயமும் ஒரு நோய்தான். அதற்கும் வைத்தியம் உண்டு, செலவு உண்டு, கூட ஆள் வேண்டும்.

இப்போது ஊரில் யாருக்காவது தலைக்குக் கதிர்வீச்சு என்றால் என்னிடம் கேட்டுவிட்டுப் போகிறார்கள். நான் வைத்தியம் சொல்வதில்லை. பேப்பரைப் பற்றி மட்டும் சொல்வேன், அது என் தொழில். பிலிம் போதாது, எல்லா ஸ்கேனையும் டிவிடியில் முழுதாகக் கேட்டு வாங்குங்கள். சிகிச்சை முடிந்து வரும்போதே கதிர்வீச்சுத் திட்டத்தை, டோஸ் கோடுகளோடு சேர்த்து, வாங்கி வையுங்கள். வேறு ஊரில் காட்ட நேர்ந்தால் அதுதான் பேசும். எந்தத் தேதியில் எத்தனை கிரே, எப்போது எந்த மாத்திரை, எப்போது கை தளர்ந்தது என்று ஒரே தாளில் எழுதுங்கள். நான் அக்காவுக்கு எழுதிய அந்தத் தாளைத்தான் புதிதாகப் பார்த்த ஒவ்வொரு மருத்துவரும் முதலில் கையில் எடுத்தார். அறிக்கையில் ‘வளர்ந்திருக்கிறது’ என்று வந்தால், இது கதிர்க் காயமாக இருக்க வாய்ப்பு உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதில் எந்த மருத்துவருக்கும் கோபம் வராது, வந்தாலும் பரவாயில்லை.

போன வாரம் காயல்பட்டினத்திலிருந்து ஒருவர் பேசினார். மனைவிக்கு ஒன்பது மாதத்துக்கு முன் ரேடியோசர்ஜரி, இப்போது அதே மூன்றாவது வரி. டிவிடி எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறார், டோஸ் ஃபைல் மட்டும் இல்லை. அதைக் கேட்டு வாங்கத் திங்கட்கிழமை போகிறார். நானும் கூடப் போகிறேன்.